கண்ணுக்கு மூலிகை: ‘கெடுதல் ஒன்றுமில்லை’ என்னும் வாதத்துக்கு ஒரு மறுப்பு

பௌர்ணமிதோறும் அண்ணாமலையைச் சுற்றிவரும் 14 கிலோமீட்டர்ப் பாதையில், அஷ்டலிங்கங்களின் சந்நிதிகளுக்கும் அன்னதானப் பந்தல்களுக்கும் இடையே, சாக்கு விரித்து மூலிகை விற்போரைக் காணலாம். கடுக்காயும் தான்றிக்காயும் நெல்லிவற்றலும் குவியல்களாகக் கிடக்கும். ஆவாரம்பூவும் வல்லாரையும் பொட்டலங்களாக அடுக்கப்பட்டிருக்கும். இவற்றுக்கெல்லாம் முன்னால், வாங்குவோர் கண்ணில் முதலில் படும்படியாக, கட்டைவிரல் பருமனுள்ள பிளாஸ்டிக் குப்பிகளில் இளமஞ்சள் நிறத் திரவம் ஒன்று வைக்கப்பட்டிருக்கும். அதற்குப் பெயர் கண் சொட்டு மருந்து. செய்த தேதி அதில் இல்லை, செய்தவர் பெயர் இல்லை, சேர்ந்த சரக்கு இன்னதென்ற குறிப்பும் இல்லை. ஆனால் பக்கத்தில் சாய்த்துவைத்த அட்டையில், கண்புரை, கண்ணழுத்தம், சதை வளர்ச்சி, கிட்டப்பார்வை, தூரப்பார்வை ஆகிய யாவும் இதனால் தீரும் என்ற உறுதிமொழி மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கிறது. விற்கிறவர் வயிற்றுப்பாட்டுக்காக விற்கிறார். அவரோடு எனக்கு வழக்கில்லை. கல்லூரியில் விஞ்ஞானம் படித்து, நல்ல உத்தியோகத்தில் இருந்து, குடும்பத்தோடு கிரிவலம் வந்து, அந்தக் குப்பியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, கேட்டால் ஒரு தத்துவமும் சொல்கிறாரே, அவரோடுதான் வழக்கு. “பலித்தால் லாபம், பலிக்காவிட்டாலும் கெடுதல் ஒன்றுமில்லை. பச்சிலைதானே!” என்பது அவருடைய தத்துவம்.

இந்த அபிப்பிராயம் இன்று தமிழ்நாடெங்கும் ஏறக்குறைய ஒரு சித்தாந்தமாகவே நிலைபெற்றுவிட்டது. பத்திரிகைகளின் ஆரோக்கியப் பக்கங்கள் இதைச் சொல்கின்றன. கைப்பேசியில் வலம்வரும் காணொளிகள் இதைச் சொல்கின்றன. அலோபதி மருந்துக்கு மட்டுந்தான் பக்கவிளைவு உண்டு, இயற்கைக்குப் பக்கமே கிடையாது என்று திண்ணைதோறும் தீர்ப்பு வழங்கப்படுகிறது. இதனால் மூலிகைக்குப் பெருமை சேர்கிறது என்று இவர்கள் நம்புகிறார்கள். உண்மையோ நேர்மாறானது. ஒரு பொருளால் எந்த நிலையிலும் கெடுதல் விளையாது என்று சொல்வது, அதற்குச் சக்தியே இல்லை என்று சொல்வதற்குச் சமம். உடம்பில் ஏதேனும் ஒரு மாறுதலைச் செய்யவல்ல எந்த ஔஷதமும், தகாத வேளையில், தகாத அளவில், தகாத தேகத்தில் புகுந்தால் தகாத மாறுதலையும் செய்தே தீரும். இதை நம் சித்தர்கள் அறியாதவர்கள் அல்லர். அறியாதவர்களாயிருந்தால் சுத்தி முறைகளைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்க மாட்டார்கள். அநுபானமும் பத்தியமும் விதித்திருக்க மாட்டார்கள். சுக்குக்குத் தோலும் கடுக்காய்க்கு வித்தும் நஞ்சு என்று அடுப்பங்கரைப் பெண்களும் அறியும்படி பரப்பியிருக்க மாட்டார்கள். மூலிகையைக் கண்டு அஞ்சியவர்கள் அவர்கள்; அந்த அச்சமே அவர்கள் அதற்குச் செய்த மரியாதை.

தொலைவுக்குப் போகவேண்டாம், இதே கிரிவலப் பாதையின் ஓரத்தில் வளரும் ஊமத்தையை எடுத்துக்கொள்வோம். சிவபெருமானுக்கு உகந்த மலரென்று அதைச் சாத்துகிறோம். அதன் இலையிலும் பூவிலும் விதையிலும் அட்ரோபின் முதலிய வீரியமான சத்துகள் இருக்கின்றன. ஊமத்தம் வயலில் வேலைசெய்தவர் அந்தக் கையால் கண்ணைக் கசக்கிக்கொண்டாலே கண்மணி விரிந்து, பார்வை மங்கி, வெளிச்சம் பொறுக்காமல் துன்புறுவார். கண் மருத்துவமனையில் உள்விழியைப் பரிசோதிக்கும்முன் கண்மணியை விரிக்க விடும் சொட்டு மருந்துகளில் மிகப் பழையது இந்த அட்ரோபினேதான். குழந்தைகளின் கிட்டப்பார்வை மேன்மேலும் ஏறாமல் தடுக்க, அதே மருந்தை நூற்றில் ஒரு பாகத்துக்கும் மிகக் குறைவான அளவில் நீர்த்து இப்போது உபயோகிக்கிறார்கள். இதற்கு எதிர்வேலை செய்து, கண்மணியைச் சுருக்கிக் கண்ணழுத்தத்தைத் தணிக்கும் பைலோகார்ப்பின் என்ற மருந்தும் தென்னமெரிக்கச் செடியொன்றின் இலையிலிருந்து வந்ததே. ஆகவே ஆங்கில மருந்து, நாட்டு மருந்து என்ற பிரிவினை இங்கே பொருளற்றுப்போகிறது. இரண்டும் செடிதான். ஒன்றில் அளவு அறியப்பட்டிருக்கிறது; மற்றொன்றில் அறியப்படவில்லை. கண்ணின் முன்னறை இயல்பாகவே குறுகியிருக்கும் ஒருவருக்கு, கண்மணியை விரிக்கும் சாறு ஏதேனும் விழுந்தால், உள்ளிருக்கும் நீர் வடியும் வழி திடீரென்று அடைபட்டு, ஒரே இரவில் அழுத்தம் ஏறி, தலைவலியும் வாந்தியுமாகத் தொடங்கிப் பார்வையே போகவும்கூடும். விளக்கைச் சுற்றி வானவில்லைப் போன்ற வளையம் தோன்றுவது அந்த நோயின் முன்னறிகுறிகளுள் ஒன்று. கார்த்திகைத் தீபத்தன்று மலையுச்சி ஜோதியைச் சுற்றி வர்ணவளையம் கண்டதாகப் பரவசத்தோடு சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பக்தியை நான் குறைத்துப் பேசவில்லை, மறுநாள் தெருவிளக்கைச் சுற்றியும் அதே வளையம் தெரிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்கிறேன். அம்பிகை விளையாட்டாக ஐயனின் கண்களைப் பொத்தியதால் உலகெல்லாம் இருண்டு, அந்தப் பிழைக்காகக் காஞ்சியில் தவமிருந்து, பிறகு இத்தலத்துக்கு வந்து தவத்தை முடித்து இடப்பாகம் பெற்றாள் என்பதல்லவா இந்த ஊரின் தலபுராணம்? கண்ணில் விளையாட்டு கூடாது என்பதை நினைவூட்ட இதைவிடப் பொருத்தமான ஊர் வேறு இல்லை.

இயற்கையானது தீங்கற்றது என்பார்க்கு இன்னொரு சம்பவத்தையும் சொல்லவேண்டும். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் மெலிவதற்காகச் சீன மூலிகைப் பொடி சேர்ந்த மாத்திரைகளை உட்கொண்ட ஏறக்குறைய நூறு பெண்களுக்குச் சிறுநீரகம் பழுதாயிற்று. சேரவேண்டிய மூலிகைக்குப் பதிலாக அதே சாயலில் பெயருள்ள வேறொரு கொடியின் வேர் கலந்துவிட்டதே காரணம் என்று பின்னர் தெளிந்தது. அக்கொடியின் விஷச்சத்து, நம் கரிசல் காடுகளில் முளைக்கும் ஆடுதீண்டாப்பாளையிலும் இருக்கிறது. ஆடு அதை முகர்ந்துவிட்டு விலகிப்போகும். பச்சையென்றால் பயமில்லை என்று ஆடு நினைப்பதில்லை.

இனி, பழமை என்னும் கேடயத்துக்கு வருவோம். நம் முன்னோர்கள் கண்ணோய் தொண்ணூற்றாறு என்று வகுத்தார்கள். அகத்தியர் பெயராலும் நாகமுனிவர் பெயராலும் நயனவிதி நூல்கள் வழங்குகின்றன. இடைக்காடர் ஜீவசமாதி கொண்ட தலமென்று போற்றப்படும் இந்த ஊரிலேயே சித்த வைத்தியத்தைச் சந்தேகிக்கலாமா என்று கேட்கிறார்கள். சந்தேகிக்க வேண்டியது சித்த வைத்தியத்தை அன்று, அதன் பெயரால் நடக்கும் வியாபாரத்தையே. சித்த மருத்துவம் புறமருந்துகளை முப்பத்திரண்டு என்று வகுக்கிறது; கண்ணில் பிழியும் கலிக்கமும், தீட்டும் மையும் அதில் அடங்கும்; அதே பட்டியலில் சலாகையும் கீறலும் அறுவையும் அடங்கியிருக்கின்றன. கத்தியும் ஊசியும் அயலவை, பச்சிலை மட்டுமே நமது என்னும் நினைப்பு அந்த நூல்களைப் புரட்டிப் பாராதவர்களின் நினைப்பு. மற்றொன்றும் உண்டு. ஒவ்வொரு மருந்துக்கும் ஆயுட்காலம் விதித்த அந்த மருத்துவத்தில், பச்சிலைச் சாற்றுக்கும் குடிநீருக்கும் ஒரு சாமம்தான் ஆயுள். அதாவது மூன்று மணி நேரம். அதற்குமேல் அது மருந்தாகாது என்பது விதி. கண்ணில் பிழிவது என்றால் அப்போது பறித்து, அப்போது கசக்கி, சுத்தமான சீலையில் முடிந்து, அப்போதே பிழிவது. பாதையோரத்தில் வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்கில் குந்தியிருக்கும் குப்பியைச் சித்தர் கண்ணுற்றால் என்ன சொல்வார் என்பதை வாசகரின் ஊகத்துக்கே விடுகிறேன்.

‘சாஸ்திரம் கிடக்கட்டும், என் பாட்டி நந்தியாவட்டைப் பூவைப் பனியில் ஊறவைத்துப் பிழிந்தாள், கண்வலி தீர்ந்தது, இது பிரத்தியட்சம்’ என்பவர்கள் உண்டு. தீர்ந்தது உண்மை. எதனால் தீர்ந்தது என்பதே கேள்வி. நாம் ‘மெட்ராஸ் ஐ’ என்று அழைக்கும் கண்வலி பெரும்பாலும் வைரஸால் வருவது; ஒன்றிரண்டு வாரத்தில் தானாக ஆறிவிடுவது. தாய்ப்பால் விட்டாலும் ஆறும், பன்னீர் விட்டாலும் ஆறும், ஒன்றும் விடாமல் கையைக் கழுவிக்கொண்டு சும்மா இருந்தாலும் ஆறும். கண்கட்டியும் பெரும்பாலும் அப்படியே உடைந்து வடிந்துவிடும். ஆறாம் நாள் எந்த வைத்தியம் நடந்துகொண்டிருந்ததோ அந்த வைத்தியத்துக்குப் புகழ் போய்ச்சேர்கிறது. வீட்டு வைத்தியத்தின் கீர்த்தி முழுவதும் இப்படித் தானே தீரும் நோய்களின்மேல் எழுந்த கட்டடம். அதே பாட்டிக்கு அறுபது வயதில் கண்புரை வந்தபோது நந்தியாவட்டை என்ன செய்தது என்று யாரும் சொல்வதில்லை. அவள் சுவரைத் தடவிக்கொண்டு நடந்ததை ‘வயசாயிடுச்சு’ என்று கணக்கில் தள்ளிவிட்டோம்.

தானாகத் தீராத நோய்களிலோ இந்தப் புகழ் பெருந்தீங்காகிறது. செங்கம், தண்டராம்பட்டு, கலசபாக்கம் பக்கத்துக் களங்களில் அறுவடைக் காலத்தில் நிகழ்வதைப் பாருங்கள். கதிரடிக்கும்போது நெல்லின் சுணையோ உமியோ கண்ணில் தெறிக்கிறது. கருவிழியின் மேல்தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுகிறது. அன்று மாலை ஒருவர் நாக்கால் துழாவித் தூசி எடுக்கிறார், இரவில் விளக்கெண்ணெய் விடுகிறார்கள், மறுநாள் தாய்ப்பால், அதற்கு மறுநாள் யாரோ சொன்ன இலைச்சாறு. கீறிய கருவிழி என்பது திறந்த கதவு. இலையின் மேலும் மண்ணிலும் வாழும் பூஞ்சைக் காளான் அந்தச் சாற்றோடு சேர்ந்து உள்ளே போகிறது. ஒரு வாரத்தில் கருவிழியில் வெண்புள்ளி தோன்றி, சீழ் கட்டி, புண் ஆழமாகி, கடைசியில் நம்மவர் ‘பூ விழுந்தது’ என்று சொல்லும் வெள்ளைத் தழும்பாக முடிகிறது. இது கற்பனையன்று. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1994-இன் முதல் மூன்று மாதங்களில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்குக் கண்ணில் அடிபட்டதே தொடக்கம். கிருமி கண்டறியப்பட்ட புண்களில் சரிபாதிக்குச் சற்றுக் குறைவானவை காளானால் வந்தவை. குளிர்நாடுகளில் காளான் புண் அபூர்வம். நம்முடைய உழவர்களுக்கு அது தொழில்நோய். முதல் நாளிலேயே வந்தவருக்கும் இருபதாம் நாள் வந்தவருக்கும் உள்ள வித்தியாசம், பார்க்கும் கண்ணுக்கும் பாராத கண்ணுக்கும் உள்ள வித்தியாசம். ‘கெடுதல் ஒன்றுமில்லை’ என்பவர் இந்த இருபது நாளை எந்தப் பத்தியில் எழுதுவார்? சாறு பரிசுத்தமான கங்காஜலமாகவே இருந்தாலும், கழிந்த நாட்களை யார் திருப்பித் தருவார்?

கண்ணழுத்த நோயில் கணக்கு இன்னும் கொடுமையானது. ஏனெனில் அது பெரும்பாலும் வலியின்றி, சிவப்பின்றி, ஓரப்பார்வையிலிருந்து திருடிக்கொண்டே வருவது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் வீடுவீடாகச் சென்று நடத்திய ஆய்வில், அந்நோய் கண்டவருள் பத்தில் ஒன்பது பேருக்குமேல் தமக்கு அது இருப்பதே தெரியாமல் இருந்தார்கள். போன பார்வை எந்த மருந்தாலும் மீளாது. மிச்சத்தைக் காக்கத்தான் இயலும். சர்க்கரை வியாதியால் விழித்திரையில் கசியும் இரத்தமும் அவ்வாறே வலியின்றித் திருடுவது. குப்பியை வாங்கியவர் ‘நான் கண்ணுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்’ என்ற மனநிறைவோடு இருந்துவிடுகிறார். மருந்து செய்யும் கெடுதலைவிட இந்த நிம்மதி செய்யும் கெடுதல் பெரிது.

கீரையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என்னைக் கீரை விரோதி என்பார்கள். பொன்னாங்கண்ணி நாற்பது நாள் தின்றால் பட்டப்பகலில் நட்சத்திரம் பார்க்கலாம் என்று சொல்வது நம் வழக்கம். கீரை கண்ணுக்கு நல்லது என்பதில் உண்மை இருக்கிறது; அந்த உண்மைக்கு ஒரு எல்லையும் இருக்கிறது. வைட்டமின் ஏ குறைந்த குழந்தைக்கு மாலைக்கண் வரும். முற்றினால் கருவிழி கரைந்து குருடாகும். நம் நாட்டில் அந்தக் கொடுமை பெருகியிருந்ததால் 1970-இல் அரசாங்கம் குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கொருமுறை அந்த வைட்டமினைப் பெருமளவில் புகட்டும் திட்டத்தைத் தொடங்கியது. கீரையிலும் பப்பாளியிலும் முருங்கையிலும் உள்ள சத்து, சிறிது எண்ணெயோடு சமைத்துத் தின்றால், உடம்பில் அந்த வைட்டமினாக மாறும். குறையுள்ளவருக்கு அது அமிர்தம். குறையில்லாதவர் படி படியாகத் தின்றாலும் அது கூடுதலாக ஒன்றும் செய்யப்போவதில்லை. நிறைந்த குடத்தில் ஊற்றிய நீர் வழிந்தோடுவதுதான் மிச்சம். கிட்டப்பார்வை என்பது விழிக்கோளம் நீண்டுபோனதால் வருவது. பெரியவர்கள் சாளேசுரம் என்று சொன்ன வெள்ளெழுத்து, நாற்பதைக் கடந்தபின் விழியின் வில்லை நெகிழ்ச்சி இழப்பதால் வருவது. நீண்ட கோளத்தைக் கீரை குறுக்காது, இறுகிய வில்லையை அது நெகிழ்விக்காது. ‘கண்ணாடியைத் தூக்கி எறியுங்கள்’ என்று சொல்லிக் கீரை விற்பவர், நல்ல கீரைக்குக் கெட்ட பெயர் வாங்கித் தருகிறார். குழந்தை கரும்பலகை தெரியாமல் பள்ளியில் மக்கு என்று பெயர் எடுக்கிறது. வீட்டில் அதற்குக் கண்ணாடி போடாமல் பொன்னாங்கண்ணிச் சாறு கொடுக்கிறார்கள்.

சமீப காலமாக இந்த விவாதத்தில் சீனர்களும் சாட்சிக் கூண்டில் ஏற்றப்படுகிறார்கள். சீனர்கள் தங்கள் மூலிகை வைத்தியத்தைக் கைவிடவில்லை, நாமோ கைவிட்டோம்; அவர்களுடைய கோஜிப் பழமும் சாமந்திப்பூத் தேநீரும் கண்ணைக் காப்பதாக உலகமே ஒப்புக்கொண்டுவிட்டது; ஆகவே நம்முடையதும் நிரூபணமாயிற்று என்பது வாதம். கோஜிப் பழத்தில் ஸியாக்ஸாந்தின் என்ற நிறச்சத்து மிகுதி. விழித்திரையின் நடுப்புள்ளியிலும் அது இருக்கிறது என்பது மெய். அமெரிக்காவில் நடந்த நெடிய சோதனையின் 2013-ஆம் ஆண்டு முடிவின்படி, முதுமையில் வரும் விழித்திரை நடுப்புள்ளிச் சிதைவு குறிப்பிட்ட நிலையை எட்டியவர்களுக்கு, வேறு வைட்டமின்களோடும் துத்தநாகத்தோடும் சேர்த்து, அந்தச் சத்தையும் அதன் உறவுச் சத்தையும் கொடுப்பது தக்கதாயிற்று. அத்தகைய கலவை நோய் முற்றுவதை ஓரளவு தாமதப்படுத்துகிறது. இழந்த பார்வையை அது மீட்பதில்லை. நோய் இல்லாதவருக்கு அதைக் கொடுத்தால் நோய் வராது என்றும் அந்தச் சோதனை சொல்லவில்லை. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் உட்கொள்ளும் நோயாளிகள் கோஜிப் பழச்சாற்றைக் குடித்து இரத்தக்கசிவுக்கு ஆளான நிகழ்ச்சிகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. ‘கெடுதல் ஒன்றுமில்லை’ என்ற பேச்சு சீனத்திலும் செல்லாது.

ஆனால் சீனரைச் சாட்சிக்கு அழைத்தவர்கள் அந்தச் சாட்சியை முழுவதும் விசாரிக்கவில்லை. கண் வைத்தியத்தில் சீனர்கள் நம்மிடமிருந்து பெற்றது என்ன தெரியுமா? பெரும் புகழ் பெற்றது ஊசி. சுச்ருத சம்ஹிதையின் உத்தர தந்திரத்தில் விவரித்தபடி, மழுங்கிய கண்வில்லையைக் கூரிய சலாகையால் பார்வைப் பாதையிலிருந்து தள்ளிவிடும் முறை, பௌத்தத் துறவிகளோடு சீனம் சென்றது. தாங் வம்சத்தார் காலத்தில் நாகார்ஜுனரின் பெயரால் ஒரு கண்வைத்திய நூல் அங்கே வழங்கியது. பை ஜூயி என்ற பெருங்கவிஞர் தம் கண்ணோயைப் பற்றிய கவிதையில் அந்த நூலையும் பொன்னூசியையும் நினைவுகூர்ந்தார். அவர் நண்பர் லியூ யூஷி, கண் வைத்தியம் செய்த பிராமணத் துறவி ஒருவருக்குக் கவிதை எழுதி அனுப்பினார். நூற்றாண்டுகள் கடந்து, நாட்டு வைத்தியத்தை அரசாங்கக் கொள்கையாகவே உயர்த்திய மா சே துங்குக்குக் கண்புரை முற்றியபோது, 1975-இல், சீன மருத்துவ மரபில் வந்த தாங் யூஸி என்ற வைத்தியர் அந்தப் பழைய பொன்னூசி முறையைத் திருத்திச் செம்மையாக்கி அவருக்கு அறுவை செய்தார். சாமந்திப்பூத் தேநீரைக் குடித்துக்கொண்டு காத்திருங்கள் என்று சீனத்தின் அதிபதிக்கு யாரும் சொல்லவில்லை.

மூலிகையால் சீனத்துக்கு வந்த உலகப்புகழும் இப்படித்தான் வந்தது. 2015-இல் நோபல் பரிசு பெற்ற தூ யூயூ அம்மையார், நான்காம் நூற்றாண்டு வைத்திய நூலொன்றில் மலைக்காய்ச்சலுக்குச் சொல்லப்பட்ட செடியை எடுத்து, கொதிக்கவைத்தால் அதன் சத்து கெடுவதை ஊகித்து, தாழ்ந்த சூட்டில் பிரித்தெடுத்து, எலிகளிலும் குரங்குகளிலும் சோதித்து, தம் உடம்பிலேயே முதலில் உட்கொண்டு பார்த்து, பிறகே நோயாளிக்குக் கொடுத்தார். பழைய நூல் சொன்னது என்பதால் அவர் அதை நம்பிவிடவில்லை. பழைய நூல் சொன்னது என்பதால் அதைச் சோதிக்கத் தகுந்ததாக மதித்தார்.

நம்மிடம் அத்தகைய மனிதர் இருந்ததில்லையா? இருந்தார், அரசராகவே இருந்தார். 1798 முதல் 1832 வரை தஞ்சையில் வீற்றிருந்த இரண்டாம் சரபோஜி தம் தன்வந்திரி மகாலில் நாட்டு வைத்தியர்களையும் ஐரோப்பிய மருத்துவமறிந்தோரையும் ஒரே கூரையின்கீழ் வேலை செய்யவைத்தார். கண்ணோய்க்கான நாட்டு மருந்து முறைகளைத் திரட்டினார்; சரபேந்திர வைத்திய முறைகள் என்ற வரிசையில் நயனரோகப் பகுதியைச் சரஸ்வதி மகால் பிற்காலத்தில் அச்சிட்டிருக்கிறது. அதே மகாலில் கண்புரைக்கு அறுவையும் நடந்தது. நோயாளியின் நிலைமை, சிகிச்சைக்கு முன்னும் பின்னும் கண் இருந்த தன்மை, அளித்த மருந்து ஆகியவற்றைப் பதிந்து, விழிகளின் சித்திரமும் வரைந்து வைத்த ஏடுகள் நாற்பதுக்குமேல் இன்றும் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. சென்னையில் 1819-இலேயே கண் மருத்துவமனை தோன்றிவிட்டது. உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்று அது. அரசரோ, எது நமது, எது அவர்களுடையது என்று கட்சி கட்டவில்லை. யாருக்குப் பார்வை வந்தது, யாருக்கு வரவில்லை என்று எழுதிவைத்தார். பாரம்பரியம் பாரம்பரியம் என்று மேடைதோறும் முழங்குகிறவர்கள் இந்தப் பாரம்பரியத்தை மட்டும் ஏன் மறந்தார்களோ!

மருத்துவமனைகள் வியாபாரமாகிவிட்டன, ஏழை எங்கே போவான் என்ற ஆட்சேபம் எஞ்சியிருக்கிறது. அதில் நியாயம் இருக்கிறது. மருந்துக் கடையில் சீட்டின்றிக் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை மாதக்கணக்கில் விட்டு, அரிப்பு நின்று, கண்ணழுத்தம் ஏறிக் கெட்டுப்போன இளங்கண்கள் உண்டு. அந்தக் கடைக்காரரும் கிரிவலப் பாதைக் குப்பிக்காரரும் என் மதிப்பில் ஒரே தட்டில் நிற்பவர்கள். ஆனால் கண்புரை அறுவையைப் பொறுத்தவரை ஏழை எங்கே போவான் என்ற கேள்விக்கு இந்த நாடு விடை சொல்லிப் பல ஆண்டுகள் ஆயின. அரசு மருத்துவமனைகளில் இலவசம். 1976-இல் பதினொரு படுக்கைகளோடு டாக்டர் வெங்கடசாமி மதுரையில் தொடங்கிய அரவிந்த் மருத்துவமனை கிராமம் கிராமமாக முகாம் போட்டு, பஸ் வைத்து அழைத்துப்போய், அறுவை செய்து, கொண்டுவந்தும் விடுகிறது. முகாமுக்கு வராமல் இருப்பவர் பணமில்லாததால் மட்டும் வராமல் இருப்பதில்லை. ‘இலைச்சாறு விட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்பதாலும் வராமல் இருக்கிறார்.

சோதனை என்பது புதிய மருந்துக்கும் பணக்காரக் கம்பெனிக்கும் சாதகமான பஞ்சாயத்து என்று சந்தேகிப்பவர்களுக்கும் இதே தமிழ்நாட்டிலிருந்து பதில் உண்டு. காளான் கருவிழிப் புண்ணுக்கு நேட்டாமைசின் என்ற பழைய சொட்டு மருந்து சிறந்ததா, விலையுயர்ந்த வோரிகொனஸோல் சிறந்ததா என்று அரவிந்த் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கலாகப் பிரித்து, இன்னாருக்கு இன்ன மருந்து என்பது மருத்துவருக்கும் நோயாளிக்கும் தெரியாதபடி கொடுத்துப் பார்த்தார்கள். 2013-இல் முடிவு வெளியாயிற்று. பழையதே வென்றது. அந்தப் பழைய மருந்தும் மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்று சுரப்பதே. வேண்டுமானால் அதையும் இயற்கை மருந்து என்று அழைத்துக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபமில்லை.

சட்டம் என்ன செய்கிறது என்று கேட்டால், 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாயச் சிகிச்சைகள் விளம்பரச் சட்டம், குருடு, கண்புரை, கண்ணழுத்தம் ஆகியவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே தடைசெய்கிறது. எழுபது ஆண்டுகளாக அந்தச் சட்டம் ஏட்டில் இருக்கிறது. அட்டை பாதையோரத்தில் இருக்கிறது. பௌர்ணமிக் கூட்டத்தில் ஆயிரக்கணக்கான போலீசார் காவல் நிற்கும் ஊரில் ஒரு அட்டையை எடுக்கச் சொல்ல ஆளில்லை. நான் போலீசை நம்பி இதை எழுதவில்லை. சித்த வைத்தியர்களைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசுச் சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தாம்பரத்தில் 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. பட்டம் பெற்ற வைத்தியர்கள் மாவட்டந்தோறும் இருக்கிறார்கள். பாதையோரக் குப்பியால் அவமானப்படுவது முதலில் அவர்களுடைய சாஸ்திரம். அடுத்த முறை ஊரில் மெட்ராஸ் ஐ பரவும்போது அவர்களே ஒரு காரியம் செய்யட்டும். கிருமியற்ற முறையில் நந்தியாவட்டைக் கலிக்கம் தயாரிக்கட்டும். கருவிழியில் கீறலோ புண்ணோ இல்லையென்று கண் மருத்துவர் பார்த்துச் சொன்னவர்களை, அவர்கள் சம்மதத்தோடு, சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரிக்கட்டும். ஒரு பாதிக்குக் கலிக்கம், மறுபாதிக்கு அதே நிறத்தில், அதே குப்பியில், கிருமி நீக்கிய வெறும் உப்புநீர். எது எவருக்கு என்பது கொடுப்பவருக்கும் தெரியக்கூடாது. யாருக்கு எத்தனை நாளில் சிவப்பு மாறிற்று என்று சரபோஜியின் ஏடுகளைப் போல எழுதிவைக்கட்டும். இதற்குப் பெரிய யந்திரமோ அந்நிய நாட்டுப் பணமோ தேவையில்லை. நந்தியாவட்டை வென்றால் அதைத் தமிழ்நாடெங்கும் எடுத்துச் சொல்ல முதல் ஆளாக நான் வருகிறேன். தோற்றால் கொல்லையில் பூக்கும் அந்த வெள்ளைப் பூவைப் பூஜைக்கு மட்டும் பறித்துக்கொள்வோம்.